கணினி தாயம் உருட்டுகிறதா?

மாங்குளத்தான்: வாசிகசாலைக்குக் கணினி இரண்டாயிரம் வரைபடங்கள் போட்டு ஒன்றைப் பொறுக்கித் தந்ததாக நேற்று ஒருவர் இங்கே பெருமையடித்திருந்தார். தாயம் உருட்டிக் கட்டடம் கட்டுவதற்குப் பட்டப்படிப்பு எதற்கு? எங்கள் மேசன் நிலையம் எடுத்து, சோளகம் வரும் பக்கம் கேட்டுத்தான் கயிறு பிடித்தார்.

குளக்கட்டு: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லக் கூச்சமா? விதை எண் 7, அதாவது கணினி எழுந்தமான எண்களை எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று நாம் கொடுக்கும் எண். அதே நிரலை 7 கொடுத்து நூறு தடவை ஓட்டினாலும் அதே வரைபடம்தான் வரும். தாயம் அப்படி விழுமா?

மாங்குளத்தான்: 7 ஐ யார் வைத்தது?

குளக்கட்டு: நான்.

மாங்குளத்தான்: 8 வைத்திருந்தால்?

குளக்கட்டு: வேறு வரைபடம். அதனால் என்ன? சுவரை நகர்த்துவதும் சன்னலை அகட்டுவதும்தான் எழுந்தமானம். மேற்கு வெயில் விழும் அறையைக் கழித்து, நல்லதை நல்லதோடு கலப்பது நான் எழுதிய விதி. உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறுவதைப் பின்பற்றும் இந்த மரபணு முறையைக் கணினி அறிஞர் ஜோன் ஹொலண்ட் 1975 இலேயே நூலாக எழுதிவிட்டார்.

பனங்கூடல்: பெய்ஜிங் ஒலிம்பிக் நீச்சல் அரங்கின் சுவரில் தெரியும் குமிழ்களும் கண்டபடி சிதறியவைதானே? அழகாகத்தான் இருக்கிறது.

குளக்கட்டு: தவறு. அது 1993 இல் வெயர், ஃபெலன் என்ற இயற்பியலாளர்கள் கண்ட ஒழுங்கு. இரண்டே வகைக் குமிழ்கள், திரும்பத் திரும்ப. சரிவாக வெட்டியதால் சிதறியதுபோலத் தெரிகிறது. கொழும்பில் பிறந்த பொறியியலாளர் செசில் பால்மண்ட் 2002 இல் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டோயோ இட்டோவுடன் லண்டனில் அமைத்த மண்டபமும் அப்படித்தான். சதுரத்தின் ஒரு பக்க நடுவிலிருந்து அடுத்த பக்கத்தின் மூன்றிலொன்றுக்குக் கோடு. அதையே சுழற்றிச் சுழற்றிப் போட்டார்கள். கண்ணுக்குத்தான் குழப்பம்.

மாங்குளத்தான்: அப்படியானால் அவர்கள் தாயம் உருட்டவில்லை. நீங்கள் உருட்டினீர்கள். ஏன் 7?

ஓலைவீடு: அண்ணை, நிலையம் எடுக்கும்போது சாத்திரியார் சொன்ன எண்ணை யார் வைத்தது?

மாங்குளத்தான்: சாத்திரத்தை இதற்குள் இழுக்க வேண்டாம்.

பனங்கூடல்: தம்பி குளக்கட்டு, போன மாரியில் முன்பள்ளிக் கூரை ஒழுகியதும் விதை எண்ணாலா?

குளக்கட்டு: ஒழுகியது பீலி. என் வரைபடத்தில் அகலமான பீலி இருந்தது. நீங்கள் கூட்டிவந்த ஆள்தான் காசு மிச்சம் பிடித்தார். இதை எத்தனை தடவை சொல்வது? இன்று 8, 9, 10 வைத்தும் ஓட்டினேன். மூன்றிலும் வாசிப்பறை வடக்கே வந்தது. அதுவும் தற்செயலா?

மாங்குளத்தான்: கழிவறை?

குளக்கட்டு: அது வேறு விடயம்.

மாங்குளத்தான்: எங்கே வந்தது என்றுதான் கேட்டேன்.

குளக்கட்டு: 9 இல் மட்டும் வாசலருகே. அதற்கு இன்னும் விதி எழுதவில்லை.

மாங்குளத்தான்: 7 இல்?

பனங்கூடல்: பீலி வாங்கிய பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது. நாளை படம் எடுத்துப் போடுகிறேன்.