செயினேஜ் லேயர்கள் பட்டியலில் வரிசையாக வரவில்லை (ஆட்டோகேட்)

மஞ்சக்குப்பம் டிராஃப்டிங்:
வணக்கம். கடலூர் கெடிலம் கரை சர்வே டிராயிங். 20 மீட்டருக்கு ஒரு கிராஸ் செக்‌ஷன், ஒவ்வொன்றுக்கும் தனி லேயர் (டிராயிங்கின் ஓர் அடுக்கு), பெயரில் செயினேஜ், அதாவது தொடக்கத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பது: சிஎஸ்-0, சிஎஸ்-20 என்று சிஎஸ்-2400 வரை. ஒரு சிஸ்டத்தில் வரிசை ஒழுங்காக இருக்கிறது. பக்கத்து சிஸ்டத்தில் அதே ஃபைலைத் திறந்தால் 0, 100, 1000, 1020 என்று போகிறது. சிஎஸ்-20 வருவது 1980-க்குப் பிறகு. டவுன் மேப்பையும் குடிநீர் லைன் டிராயிங்கையும் எக்ஸ்ரெஃப்பாக (வேறு ஃபைலை இணைத்துக் காட்டுவது) சேர்த்ததும் இரண்டு சிஸ்டத்திலும் எந்த வரிசையும் இல்லை. பிழை திருத்தும் ஆடிட், தேவையற்றதை நீக்கும் பர்ஜ் இரண்டும் ஓட்டியாச்சு, பலன் இல்லை. ஃபைல் கரப்ட் ஆகியிருக்குமா?

பாண்டி சிவில்:
ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொல்வதில் இரண்டு பிரச்சினை கலந்திருக்கிறது, தனித்தனியாகப் பாருங்கள்.

முதலாவது 100-க்குப் பின் 1000 வருவது. கமாண்ட் லைனில் சார்ட்ஆர்டர் அடியுங்கள், லேயர் பட்டியலை எப்படி அடுக்குவது என்பதற்கான செட்டிங் அது. 1 என்றால் எண்ணை எண்ணாகவே படித்து அடுக்கும். 0 என்றால் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடும், அதனால்தான் 20-ஐ முந்திக்கொண்டு 1980 நிற்கிறது. இயல்பாக இருப்பது 1. பக்கத்து சிஸ்டத்தில் யாரோ 0 ஆக்கியிருக்கிறார்கள். இந்த மதிப்பு டிராயிங்கோடு போகாது, அந்தந்த கம்ப்யூட்டரின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் செட்டிங்குகளைச் சேமிக்கும் இடம்) இருக்கும். அதே ஃபைல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் தெரிவது அதனால்தான்.

இரண்டாவது, எக்ஸ்ரெஃப் சேர்த்ததும் வரிசையே போனது. அதற்குக் காரணம் மேக்ஸ்சார்ட், எத்தனை பெயர் வரை அடுக்கலாம் என்ற செட்டிங். இயல்பு மதிப்பு 1000. மொத்த லேயர் அதைத் தாண்டினால் மிச்சத்தை மட்டும் விட்டுவிடாது, பட்டியல் முழுவதையுமே அடுக்காமல் விட்டுவிடும். எக்ஸ்ரெஃப் லேயர்களும் இந்தக் கணக்கில் சேரும். உங்கள் செக்‌ஷன் லேயர் 121 மட்டுமே, ஆனால் டவுன் மேப் வந்ததும் எல்லை தாண்டியிருக்கும். லேயர் மேனேஜரின் அடி வரியில் மொத்த எண்ணிக்கை இருக்கும், பாருங்கள். மேக்ஸ்சார்ட்டை 5000 ஆக்கிவிட்டு மேனேஜரை மூடித் திறந்து, பெயர் நெடுவரிசையின் தலைப்பை ஒரு முறை கிளிக் செய்யுங்கள். இதுவும் ரெஜிஸ்ட்ரியில்தான் இருக்கும், இரண்டு சிஸ்டத்திலும் மாற்ற வேண்டும்.

மஞ்சக்குப்பம் டிராஃப்டிங்:
மொத்தம் 1,000-க்கு மேல்தான் காட்டுகிறது சார். மாற்றியதும் இரண்டிலும் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. இந்த டிராயிங் வெளி ஆபீசுக்கும் போகும். அங்கே சார்ட்ஆர்டர் 0 என்று இருந்தால் மறுபடி குழம்புமே?

நெல்லிக்குப்பம் சர்வே:
குழம்பும். அடுத்தவர் செட்டிங்கை நம்பாமல் பெயரையே நான்கு இலக்கமாக்குங்கள்: சிஎஸ்-0020, சிஎஸ்-0100. எந்த முறையில் அடுக்கினாலும் ஒரே வரிசைதான் வரும். ரீநேம் பெட்டியில் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக மாற்றப் போகாதீர்கள், நான்கு இலக்கப் பெயருக்கும் முன்னால் சுழியம் ஒட்டிக்கொள்ளும்.

அதற்குப் பதில் ஸ்கிரிப்ட் (கமாண்டுகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதுங்கள். எக்செல்லில் 0 முதல் 980 வரை 50 வரி போதும், 1000-க்கு மேல் தொட வேண்டாம். புதிய பெயருக்கு டெக்ஸ்ட் ஃபங்ஷனில் 0000 ஃபார்மேட் கொடுங்கள். ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கட்டும்: -ரீநேம் எல்ஏ சிஎஸ்-20 சிஎஸ்-0020. எல்ஏ என்றால் லேயர். ரீநேமுக்கு முன்னால் கோடு இல்லாவிட்டால் டயலாக் பெட்டி திறந்து ஸ்கிரிப்ட் நின்றுவிடும். நோட்பேடில் ஒட்டி எஸ்சிஆர் ஃபைலாகச் சேமித்து, ஸ்கிரிப்ட் கமாண்டில் ஓட்டுங்கள். நடுவில் வெற்று வரி கூடாது, அது என்டர் அடித்ததற்குச் சமம். கடைசி வரிக்குப் பின் ஒரே ஒரு என்டர் வேண்டும். இடைவெளியும் என்டர்தான், ஆகவே பெயருக்குள் இடைவெளி உள்ள லேயர் இந்த வழிக்கு ஒத்துவராது. ஓட்டும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

முத்தியால்பேட்டை கேட்:
இடையில் ஒரு சந்தேகம். பட்டியல் வரிசையை மாற்றினால், ஹேட்ச்சுக்கு (கோடு, நிறம் போட்டு நிரப்பிய பகுதி) அடியில் மறைந்த லைன் மேலே வருமா?

பாண்டி சிவில்:
வராது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அதற்கு டிராஆர்டர் கமாண்ட், ஹேட்ச் எல்லாவற்றையும் ஒரே அடியாகப் பின்னே தள்ள ஹேட்ச்டுபேக்.

மஞ்சக்குப்பம் நண்பருக்கு இன்னொன்று: எக்ஸ்ரெஃப் லேயர்களின் பெயரை இந்த டிராயிங்கில் மாற்ற முடியாது, மூல ஃபைலைத் திறந்துதான் மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் இங்கே அந்த லேயர்களுக்கு நீங்கள் கொடுத்திருந்த கலர், ஃப்ரீஸ் (லேயரை மறைப்பது) எல்லாம் போய்விடும், புதுப்பெயர் புது லேயராகவே வரும். பிளாட் (பிரிண்ட்) போடும் முன் வியூபோர்ட் (தாளில் டிராயிங் தெரியும் சட்டம்) ஃப்ரீஸை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.