நாலரை வயசுப் பிள்ளைக்கு மணி பார்க்கப் பழக்குவது எப்படி?

திருச்சி அம்மா:

மகளுக்கு நாலரை வயது, எல்கேஜி போகிறாள். பன்னிரண்டு வரை எண்கள் தெரியும், ஆனால் மணி பார்ப்பது மட்டும் பிடிபடவில்லை. அட்டைக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். முள்ளைச் சுற்றிச் சுற்றி இரண்டே நாளில் பிய்த்துவிட்டாள். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினால், பெரிய முள் எங்கே நிற்கிறதோ அதுதான் மணி என்கிறாள். நேற்று 8.20க்கு வேன் வாசலில் ஹாரன் அடிக்கிறது, இவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "மணி நாலு, ஸ்கூல் விட்டாச்சு" என்று திரும்பப் பாயில் படுத்துக்கொண்டாள்! நான் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்துவதும் அவள் "இன்னும் எவ்ளோ நேரம்மா இருக்கு" என்பதும்தான் தினமும். போதாததற்கு நேத்து, நாளைக்கு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். உங்கள் வீட்டில் எப்படிப் பழக்கினீர்கள்?

பால்வாடி டீச்சர் (ஓய்வு):

நேத்து, நாளைக்குக் குழப்பம் இந்த வயதில் சகஜம், தானாகச் சரியாகும், விடுங்கள். பெரிய முள்ளைப் பார்ப்பதிலும் தப்பில்லை. நீளமாக இருக்கிறது, கண்ணில் முதலில் அதுதான் படும். அதனால் அதைக் கழற்றிவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். பேட்டரியில் ஓடும் பழைய கடிகாரத்தில் கண்ணாடியை எடுத்துவிட்டு, நொடி முள்ளையும் பெரிய முள்ளையும் மெதுவாக மேலே இழுத்தால் வந்துவிடும். சின்ன முள் மட்டும் ஓடட்டும். ஏழில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, பல் தேய்க்க. எட்டில் பச்சை, இட்லிக்கு. எட்டைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி மஞ்சள், அது வேன். முள் பொட்டைத் தொட்டதை அவள் வந்து உங்களிடம் சொல்லட்டும். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

இன்னொன்று, மணியைத் தமிழிலேயே சொல்லுங்கள். எட்டே கால், எட்டரை, எட்டே முக்கால்: ஒன்பது அடிக்கும்வரை எட்டு எட்டுதான். சின்ன முள்ளும் அதுவரை எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்தான் இருக்கும். "குவார்ட்டர் டு நைன்" என்றால் இன்னும் வராத ஒன்பதைப் பிள்ளை எங்கே போய்த் தேடும்?

இரண்டு பையன்களின் அப்பா:

அது இருக்கட்டும், "அஞ்சு நிமிஷம் இரு" என்று நாம் சொன்னது என்றைக்காவது அஞ்சு நிமிஷமாக இருந்திருக்கிறதா? மனைவி இப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அஞ்சு என்று சொன்னால் போனில் டைமர் வைத்துவிடுகிறேன். இட்லி வேகப் பத்து நிமிஷம். சின்னவன் அடுப்படி வாசலில் உட்கார்ந்து டைமரைப் பார்த்துக்கொண்டிருப்பான். குக்கர் விசிலை மட்டும் கணக்காக வைக்காதீர்கள். நான் வைத்தேன். போன மாதம் பஸ்ஸில் ஏறியதும் "மதுரைக்கு எத்தனை விசில்ப்பா?" என்றான். சரியாக அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் விசில் ஊத, "ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்துவிட்டான்.

மாடித்தோட்டம்:

ஒரு தொட்டியில் அந்திமந்தாரை வையுங்கள். சாயங்காலம் நாலு, நாலரைக்கு விரியும். ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைக்கு அதைவிட என்ன கடிகாரம் வேண்டும்?

திருச்சி அம்மா:

இரண்டு வாரம் ஆகிறது. மாமியாருக்குத்தான் வருத்தம், "நல்லா ஓடுற கடிகாரத்தை மொட்டையடிச்சுட்டியே" என்று. மூன்றாம் நாளே "அம்மா, பச்சையைத் தொட்டாச்சு" என்று ஓடி வந்தாள். அன்றைக்கு இட்லிதான் இன்னும் வேகவில்லை. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவளே ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். முள் மஞ்சளுக்கு வந்துவிட்டது, வேன் வரவில்லை. கடிகாரம் கெட்டுப்போச்சு என்று ஒரே அழுகை. கிழமை பழக்க யாரிடமாவது வழி இருக்கிறதா?