ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரிண்டர் தேடினால் வரலை – பிராட்காஸ்டை எப்படிக் கடத்துவது?

பேரணாம்பட்டு_தோல்:
பேரணாம்பட்டில் ஒரு டேனரி. மாடியில் கணக்கு ஆபீஸ் 192.168.1.0, பின்னாடி பேக்கிங் ஷெட் 192.168.2.0, ரெண்டும் /24 (மாஸ்க் 255.255.255.0; எந்த அட்ரஸெல்லாம் ஒரே நெட்வொர்க்னு சொல்ற எண்). நடுவில் ஒரு மைக்ரோடிக் ரவுட்டர், நாட் (அட்ரஸை மாத்தி அனுப்புறது) கிடையாது. லேசர் பிரிண்டர் ஷெட்டில், கேபிளில், 192.168.2.50. ஷெட் கம்ப்யூட்டரில் தேடினால் உடனே வருது, மாடியில் வரவே மாட்டேங்குது. 255.255.255.255-க்குப் போற பிராட்காஸ்டை (நெட்வொர்க்கில் எல்லாருக்கும் ஒரே சமயம் போற செய்தியை) ரவுட்டர் தாண்ட வைக்க என்ன செட்டிங்?

காட்பாடி_கேபிள்:
தாண்ட வைக்கவே வேண்டாம் சார். பிரிண்டரைத் தேடுறது வேற, அதுக்கு வேலை அனுப்புறது வேற. "இங்க பிரிண்டர் யாருப்பா?"ன்னு கூவத்தான் பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கு மட்டும் கூவுறது) எல்லாம். அச்சு வேலை நேரா பிரிண்டரோட அட்ரஸுக்கு டிசிபி போர்ட் 9100-ல் போகும். அதை எந்த ரவுட்டரும் கடத்தும்.

விண்டோஸில் தேடலை விட்டுட்டு, கையால் சேர்க்கிற வழிக்குப் போங்க. டிசிபி/ஐபி அட்ரஸ்னு தேர்ந்தெடுத்து 192.168.2.50 கொடுங்க, போர்ட் 'ரா', 9100. தானா டிரைவர் கண்டுபிடிக்கிற டிக்கை எடுத்துடுங்க. டபிள்யூஎஸ்டி (விண்டோஸ் தானா பிரிண்டரைத் தேடுற முறை) போர்ட் மட்டும் வேண்டாம். அது 239.255.255.250-ல், யூடிபி போர்ட் 3702-ல் மல்டிகாஸ்ட் அனுப்பித் தேடுற சமாச்சாரம், மறுபடி அதே சுவரில்தான் முட்டும்.

பேரணாம்பட்டு_தோல்:
செஞ்சாச்சு. ஆஃப்லைன்னு காட்டுது. ஷெட்டிலிருந்து பிங் போகுது, ரவுட்டரிலிருந்தும் போகுது. மாடியிலிருந்து மட்டும் இல்லை. ஃபயர்வாலில் தடை எதுவும் கிடையாது.

காட்பாடி_கேபிள்:
அப்போ பிரிண்டரில் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போக வழி காட்டுற ரவுட்டர் அட்ரஸ்) இல்லை. பிரிண்டர் மெனுவில் கான்ஃபிகரேஷன் பேஜ் அடிச்சுப் பாருங்க, 0.0.0.0-ன்னு இருக்கும். உங்க பாக்கெட் பிரிண்டர் வரைக்கும் போயிடுது, பதில் அனுப்பத்தான் அதுக்கு வழி தெரியலை. கேட்வே 192.168.2.1 (ரவுட்டரோட ஷெட் பக்க அட்ரஸ்), மாஸ்க் 255.255.255.0. மாஸ்க் 255.255.0.0-ன்னு இருந்தாலும் இதே கூத்துதான்: மாடியும் தன் தெருவிலேயே இருக்குன்னு நினைச்சு ரவுட்டர் பக்கமே போகாது.

கையோட அட்ரஸை நிலையா வையுங்க, டிஎச்சிபி பூலுக்கு (ரவுட்டர் தானா பங்கிடுற அட்ரஸ்களுக்கு) வெளியே. இல்லேன்னா ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் வேற அட்ரஸ் வாங்கிட்டு உட்காரும்.

சத்துவாச்சாரி_ரவுட்:
தேடலே வேணும்னு சிலர் அடம் பிடிப்பாங்க, அவங்களுக்காக. சிஸ்கோவில் ஆபீஸ் பக்க இன்டர்ஃபேஸில் 'ஐபி ஹெல்ப்பர்-அட்ரஸ்' போட்டு பிரிண்டர் அட்ரஸையே கொடுக்கலாம். பிராட்காஸ்ட் யூனிகாஸ்டா (ஒரே அட்ரஸுக்கு மட்டும் போறதா) மாறிப் போகும். ஆனா அது எல்லா யூடிபியையும் கடத்தாது. தானா கடத்துற போர்ட் 37, 49, 53, 67, 68, 69, 137, 138 மட்டும். எஸ்என்எம்பி (கருவிகளோட நிலையைக் கேட்கிற முறை) வழியா தேடுற பிரிண்டர் மென்பொருளுக்கு 161-ஐ 'ஐபி ஃபார்வர்ட்-புரோட்டோகால்' கமாண்டில் சேர்க்கணும். கூடவே 137, 138-ஐ நிறுத்துங்க, இல்லேன்னா ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் நெட்பயாஸ் (விண்டோஸ் பெயர் தேடல்) கூச்சல் மொத்தமும் பிரிண்டர் தலையில் விழும்.

192.168.2.255-க்கு டைரக்டட் பிராட்காஸ்ட் (வெளியிலிருந்து ஷெட் நெட்வொர்க் முழுக்கக் கூவுறது) திறந்து விடாதீங்க. ஸ்மர்ஃப் தாக்குதலுக்கு (எல்லாரையும் ஒருத்தருக்கே பதில் அனுப்ப வைத்துத் திணறடிக்கிறது) அதுதான் கதவு. 1999-ல் ஆர்எஃப்சி 2644-ன்னு ஒரு இன்டர்நெட் விதி ஆவணம் வந்து, ரவுட்டர்களில் அது ஆரம்பத்திலேயே மூடி இருக்கணும்னு சொல்லிடுச்சு.

பேரணாம்பட்டு_தோல்:
கேட்வே சுழியம்தான்! இப்போ அச்சு வருது. ஆனா நடுநடுவே ஆஃப்லைன்னு காட்டுது. அப்புறம், முதலாளி ஐபோனிலிருந்தும் வேணும்கிறார்.

காட்பாடி_கேபிள்:
ஆஃப்லைனுக்கு: போர்ட் செட்டிங்கில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் டிக்கை எடுங்க. விண்டோஸ் அதுல கேட்டு பதில் வரலேன்னா, பிரிண்டர் உயிரோட இருந்தாலும் ஆஃப்லைன்னு சொல்லிடும்.

சத்துவாச்சாரி_ரவுட்:
ஐபோனுக்கு அட்ரஸ் வழி சரிப்படாது, ஏர்பிரிண்ட் (ஐபோனின் அச்சு வசதி) எம்டிஎன்எஸ்-ஐ, அதாவது மல்டிகாஸ்ட் பெயர் தேடலை நம்புது. 224.0.0.251, யூடிபி 5353, அதுவும் ரவுட்டர் தாண்டாது. ரெண்டு நெட்வொர்க்கிலும் கால் வைத்த ஒரு லினக்ஸ் பெட்டியில் அவாஹி (எம்டிஎன்எஸ் மென்பொருள்) போட்டு, ஒரு பக்கத் தேடலை மறுபக்கமும் திருப்பிச் சொல்ற ரிஃப்ளெக்டரை 'யெஸ்'னு வையுங்க. முதலில் பிரிண்டர் ஏர்பிரிண்ட் மாடல்தானான்னு பாருங்க, இல்லேன்னா இது எல்லாம் வீண் வேலை. அச்சு ஐபிபி (அச்சு வேலை அனுப்புற முறை) வழியா டிசிபி 631-ல் போகும், பின்னாடி ஃபயர்வால் போட்டால் அதையும் 9100-ஐயும் விட்டு வைங்க.