காட்ஃபாதர் இரண்டாம் பாகத்தைக் கால வரிசைப்படி மாற்றித் திரையிடலாமா?

வைகைக்கரை (மதுரை):
சிம்மக்கல் அருகே ஒரு நண்பரின் வீட்டு மாடியில் நாங்கள் சிலர் மாதந்தோறும் பழைய படங்களைப் பார்த்து, பின்னர் அமர்ந்து பேசுகிறோம். அடுத்த மாதம் 1974இல் கொப்பொலா இயக்கிய காட்ஃபாதர் இரண்டாம் பாகம். தந்தை விட்டோவின் இளமைக் கதையும், மகன் மைக்கேல் மாஃபியாக் குடும்பத்தின் தலைவனாக இருக்கும் 1958ஆம் ஆண்டுக் கதையும் மாறி மாறி வருவதால் புதியவர்கள் குழம்புவார்கள் என்றும், தந்தையின் கதையைத் தொகுத்து முதலில் காட்டிவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். 1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக இரு பாகங்களையும் கால வரிசையில் அடுக்கிய வடிவத்தைச் சான்றாகவும் காட்டுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தை விளக்கிச் சொல்ல உதவுங்கள்.

மேலூர் ஆசிரியை:
தயவுசெய்து மாற்றாதீர்கள். அக்கம்பக்கத்தாரை மிரட்டிப் பணம் பறிக்கும் ஃபனூச்சியை விட்டோ கொல்லும் பகுதியை நினைத்துப் பாருங்கள். கீழே தெருவில் திருவிழா ஊர்வலம் நகர்கிறது. மேலே கூரைகளின் வழியே விட்டோ அவனைப் பின்தொடர்கிறான். வாணவேடிக்கை ஓசையில் துப்பாக்கிச் சத்தம் அடங்கிப்போகிறது. சித்திரைத் தேரோட்டத்தை மாசி வீதி மொட்டைமாடிகளில் நின்று பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கூட்டமும் அந்த உயரமும் அந்நியமானவை அல்ல. கொலை முடிந்ததும் விட்டோ வீட்டு வாசற்படிக்கு வந்து, கைக்குழந்தையான மைக்கேலை மடியில் வைத்து, உன் தந்தைக்கு உன்மேல் மிகுந்த அன்பு என்கிறான். அடுத்ததாக நாம் காண்பது, வளர்ந்துவிட்ட அதே மைக்கேல் பனி மூடிய தன் வீட்டுக்குத் திரும்பி, தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் மனைவியைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் விலகிச் செல்வதை. குடும்பத்துக்காக என்று தந்தை தொடங்கிய கொலை, மகனிடம் வந்தபோது அந்தக் குடும்பத்தையே தின்றுகொண்டிருக்கிறது என்பதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டு விளக்கவில்லை. இரண்டு காட்சிகளும் அடுத்தடுத்து நிற்பதால்தான் அது நமக்குப் புரிகிறது. பிரித்துவிட்டால் இரண்டு நல்ல கதைகள் மிஞ்சும், இந்தப் படம் மிஞ்சாது.

உசிலம்பட்டி வாசகர்:
ஆசிரியை அம்மா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். மைக்கேலின் அண்ணன் ஃப்ரெடோவைப் பற்றியும் பேசுங்கள். தந்தைக்குப் பின் மூத்தவன் இடம் மூத்தவனுக்கே என்று வளர்ந்த நம் பக்கத்து மக்களுக்கு, தம்பி தன்னைத் தாண்டிப் போய்விட்டான் என்று ஃப்ரெடோ குமுறும் இடம் நெஞ்சை அறுக்கும். தம்பியின் எதிரிகளுக்கு உதவி அவன் செய்தது துரோகம்தான். ஆனால் ஜான் கஸாலின் நடிப்பில் அந்தத் துரோகத்துக்கு அடியில் கிடக்கும் அவமானமும் தெரிகிறது. தாய் உயிரோடு இருக்கும்வரை அண்ணனுக்கு எதுவும் நேரக் கூடாது என்று மைக்கேல் இடும் கட்டளையைவிடக் கொடிய வசனம் படத்தில் இல்லை என்பது என் கருத்து. தாயின் இறப்புச் சடங்கில் அவன் அண்ணனைத் தழுவும்போது, அந்தக் கட்டளையை அறிந்த நமக்கு அந்தத் தழுவல் ஆறுதலாக இருப்பதில்லை.

திருநகர் மாணவன்:
குழப்பம் வரும் என்று அஞ்சுபவர்களிடம், ஒளிப்பதிவே வழிகாட்டும் என்று சொல்லுங்கள் ஐயா. கார்டன் வில்லிஸ் பழைய நியூயார்க்கைப் பொன்னிறம் கலந்த மங்கல் ஒளியிலும், மைக்கேலின் அறைகளை முகமே தெரியாத அளவு இருளிலும் படம்பிடித்திருக்கிறார். எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்பது பார்த்த உடனே தெரியும். உண்மையான சிரமம் மொழியில் இருக்கிறது. விட்டோவாக நடித்து ஆஸ்கர் பெற்ற ராபர்ட் டி நீரோ பெரும்பாலும் சிசிலிய மொழியிலேயே பேசுவதால், துணைத்தலைப்பு இல்லாத பிரதியைத் தவிர்த்துவிடுங்கள். பாத்திரங்களின் பெயர்களையும் உறவுமுறைகளையும் தமிழில் ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்தால் புதியவர்களுக்கு அது போதும். படம் 3 மணி 20 நிமிடங்களுக்குக் குறையாது என்பதால், ஃபனூச்சி கொலை முடிந்து விட்டோ வாசற்படியில் அமரும் இடத்தில் இடைவேளை விடலாம்.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. வரிசையை மாற்றப் போவதில்லை. ஆனால் இடைவேளையை அங்கே விட்டால் ஆசிரியை சுட்டிய இரண்டு காட்சிகளும் பிரிந்துவிடுமே, அம்மா?

மேலூர் ஆசிரியை:
மைக்கேல் பனியில் நடந்து வீட்டுக்குள் சென்று, மனைவியைப் பார்க்கும் வரை ஓடவிட்டு, அதன் பிறகு நிறுத்துங்கள்.