ஸ்பூர்லோஸ் (1988): ரெக்ஸ் ஏன் அந்தக் காபியைக் குடித்தான்?

தங்கச்சிமடம் திரை
ஜார்ஜ் ஸ்லூய்சரின் டச்சு-பிரெஞ்சுப் படம். பிரான்சுப் பயணத்தில் காதலி சாஸ்கியா காணாமல் போக, ரெக்ஸ் அவளைத் தேடி அலைகிறான்; கடத்தியவன் லெமோர்ன். முடிவு வரை பேசப்போகிறோம், பார்க்காதவர்கள் இத்தோடு திரும்பிவிடுங்கள்.

இங்கே பார்த்தவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். கடத்தியவன் யாரென்று சீக்கிரமே காட்டிவிட்ட பிறகு என்ன திகில் என்பது ஒரு கட்சி. கையில் அகப்பட்டவனைப் போலீசில் கொடுக்காமல் குடித்தால் சாஸ்கியாவுக்கு நடந்தது தெரியும் என்று அவன் நீட்டிய மயக்க மருந்துக் காபியைக் குடிக்கிறானே, இவனெல்லாம் கதாநாயகனா என்பது மற்றது. பாம்பன் பக்கம் திரையிடவும் யோசனை. கடற்கரையில் துணி கட்டிப் போட்டால் எடுபடுமா?

கீழக்கரை காக்கா
முதல்ல உங்க கையில இருக்கிறது எந்தப் படம்னு பாருங்க தம்பி. இதே இயக்குநர் 1993-ல ஹாலிவுட்டுக்காகத் திரும்ப எடுத்தார். ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே பேர், ஓடுற நேரமும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஜெஃப் பிரிட்ஜஸ், கீஃபர் சதர்லேண்ட் முகம் வந்தா நிறுத்திடுங்க. அதுல நாயகனைப் பிழைக்க வச்சுட்டாங்க.

ஆளைக் காட்டினதால எதுவும் கெடலை. சாஸ்கியாவுக்கு என்ன ஆச்சுங்கிறதை ஸ்லூய்சர் கடைசி நிமிஷம் வரைக்கும் கையை விட்டு விடலையே. லெமோர்ன் ஒத்திகை பார்க்கிற இடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்க. வேதியியல் வாத்தியார். குளோரோஃபார்மைத் தானே மோந்து, எவ்வளவு நேரம் மயங்கிக் கிடந்தோம்னு கடிகாரம் பார்க்கிறான். கார் கதவைத் திறக்கிறது, துணியை அழுத்துறது எல்லாத்தையும் ஆள் இல்லாமலே செஞ்சு பார்த்து, நாடி பிடிச்சுக் குறிச்சுக்கிறான். தோப்பு வீட்டுல குடும்பமே விளையாட்டாக் கத்துது; பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட, சத்தம் கேட்டுச்சான்னு சாவகாசமா விசாரிக்கிறான்.

இவ்வளவும் பண்ணிட்டு நேர்ல போனா சொதப்புது. ஒரு பொண்ணு அவனை அடையாளம் கண்டுக்குது. இன்னொரு தடவை தும்மல் வந்து மருந்துத் துணியையே மூக்குல வச்சுக்கிறான். அங்க சனம் சிரிக்கும், சிரிக்கட்டும். அவன்மேல இருந்த பயம் கொஞ்சம் விட்டுப்போன அந்த நேரத்துலதான் சாஸ்கியா வந்து அவன்கிட்ட பேசுறா. சாவிக்கொத்துல 'ஆர்' எழுத்தைப் பார்த்துட்டு, ரெக்ஸுக்கும் ஒண்ணு வாங்கணும்னு கேட்கிறா. அத்தனை ஒத்திகையும் பலிக்காம, தற்செயல் வந்து காரியத்தை முடிச்சுக் குடுக்குது. எனக்கு முடிவைவிட இதுதான் குலை நடுக்கம்.

குந்துகால்
ரெக்ஸை முட்டாள் என்பவர்கள் சுரங்கப்பாதையை மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் தீர்ந்து கார் இருட்டில் நிற்கிறது. கதறுகிற சாஸ்கியாவை விட்டுவிட்டு அவன் பெட்ரோல் தேடி நடந்துபோகிறான். பிறகு, இனி விட்டுப்போக மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்கிறான். அந்தச் சத்தியத்தின் ஈரம் காயுமுன்னே அவள் இல்லை. மூன்று வருடமாகச் சுவரொட்டி, தொலைக்காட்சிப் பேட்டி. லெமோர்ன் அஞ்சலட்டை போட்டு நீம் நகரத்துக் காபிக்கடைக்கு வரவழைத்து, தூர இருந்து வேடிக்கை பார்க்கிறான். போலீசில் கொடுக்கலாம்தான், ஆனால் ஆதாரம் எதுவும் கிடையாது. அவன் வாயை மூடிக்கொண்டால் விடையும் அதோடு போயிற்று.

நம் கரையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பன்-தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்காத வீட்டில் திதி எந்த நாளில் கொடுப்பது? கடலுக்குப் போய்த் திரும்பாதவர் வீட்டிலும் இதே கேள்விதான். 7 ஆண்டு எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்ததாக அனுமானிக்கலாம் என்கிறது சட்டம். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 108, இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தில் 111. என்றைக்கு, எப்படி என்பதை அந்த அனுமானம் சொல்லாது. ரெக்ஸ் உயிரைக் கொடுத்து வாங்குவது அந்த 'எப்படி'யை.

குறை என்றால் லீனெகேதான். ரெக்ஸோடு வாழ வந்து, காணாமல் போனவளோடு போட்டி போட முடியாமல் விலகுகிறவள். அவளுக்குப் படம் இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.

மண்டபம் சவுண்ட் சர்வீஸ்
கடற்கரை வேண்டாம்ணே. ஆனி, ஆடிக் கச்சான் காத்துல துணி படகுப் பாயா புடைக்கும், படம் நடுவுல வீங்கித் தெரியும். காத்து அடங்கின மாசத்துலயும் வெளிச்சம் விடாது. ரெக்ஸ் உயிரோட புதைஞ்சு கிடக்கிற காட்சிக்கு ஒரு லைட்டர் சுடர்தான் விளக்கு. தெருவிளக்கோ நிலாவோ இருந்தா சாம்பல் நிறம்தான் மிஞ்சும். ஏதாவது ஹால் பிடிங்க, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்க. புரொஜெக்டர்ல பிரைட்னஸைக் கூட்டாதீங்க, கறுப்பு வெளுத்துடும். ஜெனரேட்டர் கட்டடத்துக்குப் பின்னாடி, காத்து நம்ம பக்கமிருந்து அதுபக்கம் போற திசையில. படம் ரொம்ப அமைதி, இரைச்சல் தாங்காது.

சப்டைட்டில்லதான் நிறைய பேர் மாட்டுவாங்க. நொடிக்கு 25 பிரேமுக்குச் செஞ்ச வரியை 23.976 பிரேம் படத்துல போட்டா ஆரம்பத்துல சரியா இருக்கும், போகப்போக முந்திடும். 107 நிமிஷப் படத்துல கடைசியில 4 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் வரும். வி.எல்.சி. பிளேயர்ல வரியை முன்னபின்ன தள்ளினா தீராது. சப்டைட்டில் எடிட்ல பிரேம் ரேட்டையே மாத்தணும். இன்னொண்ணு, டச்சு வசனத்தை நேராவும் பிரெஞ்சைச் சாய்வெழுத்துலயும் போடுங்க. இல்லாட்டி ரெக்ஸ் அந்நிய ஊர்ல அந்நிய மொழியில தேடி அலையுறது யாருக்கும் தெரியாது. பிரெஞ்சு அவ்வளவு இருக்கு. நெதர்லாந்து ஆஸ்கருக்கு அனுப்பினப்ப அதைச் சொல்லித்தான் ஒதுக்கினாங்க.

தொண்டி மருந்தகம்
யாராவது கேட்பார்கள், அதனால் சொல்கிறேன்: துணியை வைத்ததும் சில நொடியில் ஆள் சாய்வது சினிமாவில் மட்டும். குளோரோஃபார்மைச் சில நிமிடம் விடாமல் சுவாசித்தால்தான் மயக்கம் வரும். அளவு மீறினால் மூச்சும் இதயமும் நின்றுவிடும்.

தங்கச்சிமடம் திரை
நன்றி காக்கா, அண்ணன்மாரே. ஹாலே பார்க்கிறோம். இடைவேளை விடலாமா?

கீழக்கரை காக்கா
விடாம ஓட்டுறது நல்லது. விட்டே ஆகணும்னா லெமோர்ன் ரெக்ஸைத் தேடி நெதர்லாந்துக்கு வர்றதுக்கு முன்னாடி விடுங்க. அதுக்கப்புறம் நிறுத்தினா கார்ப் பயணத்தோட இறுக்கம் அறுந்துடும். லைட்டர் அணைஞ்சதும் யாரும் விளக்கைப் போட்டுடாம பார்த்துக்குங்க. அதுக்கு மேலயும் காட்சி இருக்கு, செய்தித்தாள்ல ரெக்ஸ், சாஸ்கியா ரெண்டு பேர் படமும் முட்டை வடிவத்துல வரும். தங்க முட்டைக்குள்ள அடைபட்டுக் கிடக்கிற மாதிரி சாஸ்கியா கனவு சொன்னதைக் கவனிச்சவங்களுக்கு அது போதும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரவேண்டாம்னு நோட்டீஸ்லயே போட்டுடுங்க.