எங்கள் வீட்டுத் தணிக்கை: விவாகரத்தான அப்பாவிடம் வளர்ந்தவர்கள் பகிரலாம்

கரூர்க்காரி எழுதியது:

விவாகரத்தான அப்பாவிடம் வளர்ந்த பெண் நான். ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984, ரே பிராட்பரியின் ஃபாரன்ஹீட் 451 போன்ற தணிக்கை நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் நேராக 1975 நெருக்கடி நிலைக்குப் போய்விடுகிறார்கள், இல்லாவிட்டால் பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவலுக்கு எதிர்ப்பு வந்த விவகாரத்துக்கு. நியாயம்தான். எனக்கு என்னவோ அந்தப் புத்தகங்களைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு ஹால்தான் கண்ணில் நின்றது. என்னைப் போல வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதை.

தீர்ப்பு வந்தபோது நான் சின்னப் பிள்ளை. அப்போது ரேஷன் கார்டு என்பது அட்டை போட்ட சின்னப் புத்தகம். உள்ளே குடும்பத்தினர் பெயர்கள் வரிசையாக இருக்கும். அம்மா தன் பெயரை அவர் ஊர்க் கார்டில் சேர்க்க வேண்டும் என்றால் எங்கள் கார்டிலிருந்து பெயர் நீக்கல் சான்று வேண்டும். அப்பா தாலுகா ஆபீஸுக்குப் போய் வாங்கி வந்தார். திரும்பி வந்த கார்டில் அம்மா பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் யாரோ போட்ட இனிஷியல், ரப்பர் ஸ்டாம்ப். கோட்டுக்குக் கீழே பெயர் நன்றாகவே தெரிந்தது. சர்க்கரைக்கு வரிசையில் நிற்கும்போது அதைப் படித்துக்கொண்டே நிற்பேன்.

1984 நாவலின் வின்ஸ்டனுக்கு உண்மை அமைச்சகத்தில் இதுதான் வேலை. பழைய செய்தித்தாளில் வேண்டாத பெயரை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுவான், மூலத்தைச் சுவரில் இருக்கும் ஓட்டையில் போட்டால் அது நேரே உலைக்குப் போய்விடும். அந்த அளவுக்கு நம் தாலுகா ஆபீஸ் தேறாது. அடித்த பெயரையும் படிக்கும்படி விட்டுவைக்கிறது. தேறியவர் எங்கள் அப்பத்தா.

முதல் வருஷம் அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும், 'அவளுக்கு ஒடம்பு சரியில்ல, அப்பன் ஊட்ல இருக்கறா' என்றார். பிறகு அது, 'வேலைக்குப் போவோணும்னு போயிட்டா' என்று ஆனது. இன்னும் கொஞ்ச நாளில், 'அவ இந்த ஊட்ல என்னிக்குமே ஒட்டல'. ஒவ்வொரு முறையும் இதற்கு முன் வேறொன்று சொன்ன சுவடே குரலில் இருக்காது. நாவலில் ஆளும் கட்சி திடீரென்று எதிரி நாட்டை மாற்றிவிட்டு, ஆரம்பத்திலிருந்தே இவர்களோடுதான் சண்டை என்று சாதிக்குமே, அதே லாகவம். அம்மா தன் சம்பளத்தில் வாங்கிய கிரைண்டர்கூட சில வருஷத்தில் அத்தை வாங்கித் தந்த கிரைண்டராகிவிட்டது. 'அத்தையா?' என்று நான் கேட்டதற்கு, 'பின்ன யாரு?' என்றார் அப்பத்தா. உண்மையாகவே நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆர்வெல்லும் அதைத்தான் சொல்கிறார், பொய் சொல்பவர் அதை நம்பவும் வேண்டும்.

அப்பா ஆள் வேறு. மின்வாரியத்தில் வேலை. அம்மாவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நல்ல வார்த்தையும் கேட்டதில்லை. மே மாத லீவில் நான் அம்மாவிடம் போய் இருந்துவிட்டு வருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார். சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைக்கலையா என்பதோடு சரி. போன ஒரு மாதம் காலண்டரிலேயே இல்லாத மாதிரி இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் டிவி. தோசை சுடுவது, வீட்டுப்பாடம் சொல்லித்தருவது எல்லாமே அதன் சத்தத்தில்தான். ஒரு சென்ட் நிலம் இல்லாத எங்கள் வீட்டில் வயலும் வாழ்வும் என்ற விவசாய நிகழ்ச்சி முழுசாக ஓடும்.

ஃபாரன்ஹீட் 451 படித்தது கல்லூரியில். 1953இல் வந்த நாவல், தமிழிலும் கிடைக்கிறது. தீயணைப்பு வீரர்களுக்கு அதில் புத்தகங்களைக் கொளுத்துவதுதான் உத்தியோகம். மாண்டாக் அப்படியொரு வீரன். அவன் மனைவி மில்ட்ரெட் வீட்டில் மூன்று சுவர் நிறைய டிவி வைத்துக்கொண்டு நாலாவது சுவருக்கும் கேட்கிறாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது மேலதிகாரி பீட்டி மாண்டாக்கின் படுக்கையருகே வந்து பேசும் இடத்தில். இதெல்லாம் அரசாங்கம் மேலிருந்து உத்தரவு போட்டு ஆரம்பித்ததில்லை என்கிறான் அவன். ஜனங்களே படிப்பதை விட்டார்கள். இந்தப் புத்தகம் இவர்கள் மனதைப் புண்படுத்துகிறது, அது அவர்களை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினார்கள். எல்லாரும் சந்தோஷமாக இருக்க வேண்டுமே! தீப்பெட்டி கடைசியாகத்தான் வந்தது.

எங்கள் வீட்டிலும் யாரும் சட்டம் போடவில்லை. அப்பா முகம் வாடுகிறதே என்று நான் அம்மா பேச்சை விட்டேன். பிள்ளை அழுமே என்று அப்பா விட்டார். போகப் போக அம்மா வைக்கும் பூண்டுக் குழம்புக்குக்கூடப் பெயர் போய் 'அந்தக் குழம்பு' என்றோம்.

அதனால் என் கணக்கில் அப்பத்தா ஆர்வெல், அப்பா பிராட்பரி. இரண்டில் அப்பாவுடையதுதான் கஷ்டம். அப்பத்தாவோடு சண்டையாவது போடலாம், கிரைண்டர் பில்லைத் தேடி எடுத்து முன்னால் வைக்கலாம். பாசத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் மனிதரிடம் எதை எடுத்து வைப்பது?

இதில் ஒரு வேடிக்கை. தணிக்கையை எதிர்க்கும் ஃபாரன்ஹீட் 451 நாவலையே அதன் பதிப்பகம் தணிக்கை செய்திருக்கிறது. 1967இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பதிப்பு போட்டபோது, பிராட்பரிக்குத் தெரியாமலே சுமார் 75 இடங்களில் கை வைத்தார்கள். வசவுகளை எடுத்தார்கள். குடித்திருந்த ஓர் ஆளை 'உடம்பு சரியில்லாத ஆள்' ஆக்கினார்கள். சில வருஷத்தில் கடையில் அந்தப் பதிப்பு மட்டுமே கிடைத்தது. 1979இல் தெரியவந்து அவர் சண்டை போட்ட பிறகுதான் பழையபடி முழுசாக அச்சிட்டார்கள். படித்துவிட்டு ஹாஸ்டல் அறையில் தனியாகச் சிரித்தேன். அப்பத்தாவின் முதல் பதிப்பும் அதேதானே, உடம்பு சரியில்லை!

இன்னொரு கட்டம். ஒரு ராத்திரி மாண்டாக் மனைவியிடம், நாம் முதன்முதலில் எங்கே சந்தித்தோம் என்று கேட்கிறான். அவளுக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கும் இல்லை. கடைசியில் ஊரின் மேல் குண்டு விழும் நேரத்தில்தான் சிகாகோ என்று நினைவு வருகிறது. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது கேட்டுவிட்டேன்.

'அம்மாவ மொதல்ல எங்கப்பா பாத்தீங்க?'

அப்பா ரிமோட்டைத் தேடி எடுத்தார். சத்தத்தைக் குறைத்தார், அணைக்கவில்லை.

'சேலத்துல ஒரு கல்யாணத்துல, கண்ணு. பந்தியில பரிமாறிட்டிருந்தேன். அவ ரசம் கேட்டா. நான் நெனப்பில்லாம மோரை ஊத்திட்டேன்.' கொஞ்ச நேரம் கழித்து, 'ஒண்ணும் சொல்லல. சிரிச்சா' என்றார். பிறகு செய்தி ஆரம்பித்தது, சத்தத்தை ஏற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறோம். பூண்டுக் குழம்புக்குப் பெயர் திரும்ப வந்துவிட்டது.

தஞ்சாவூர்ப் பெண் எழுதியது:

அக்கா, நான் நேர் எதிர்ப்பக்கம். எங்கப்பாவின் இரண்டாவது கல்யாணத்துப் பிள்ளை. அவருக்கு முன்னால் ஒரு கல்யாணம் நடந்து விவாகரத்தானதே எனக்குப் பத்தாம் வகுப்பு வரை தெரியாது. பீரோவில் என் ஜாதகத்தைத் தேடும்போது ஒரு பழைய இன்சூரன்ஸ் பத்திரம் கிடைத்தது, நாமினி இடத்தில் யாரோ ஒரு பெண் பெயர். அம்மாவிடம் காட்டினேன். வாங்கி மடித்து உள்ளே வைத்துவிட்டு, 'காபி ஆறுது, போ' என்றார்.

மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய ஹேண்ட்மெய்ட்ஸ் டேல் படித்திருக்கிறீர்களா? பெண்கள் படிக்கவே கூடாத நாடு. கடைப் பலகையில்கூட எழுத்து கிடையாது, படம்தான். பெரிய வீடுகளுக்குப் பிள்ளை பெற்றுத்தரப் பிடித்துவைத்த பெண்கள் போடும் சிவப்பு அங்கியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். கதாநாயகியை ஏன் பிடித்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. அவள் கணவன் லூக் ஏற்கெனவே விவாகரத்தானவன். இரண்டாவது கல்யாணம் எதுவுமே செல்லாது என்று புது அரசு சொல்லிவிடுகிறது, அவர்கள் மகளைப் பிடுங்கி வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த ஊரில் பிறந்திருந்தால் பிடுங்கப்படும் பிள்ளை நான்தான்.

முதல் கல்யாணத்தில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார் என்பது அப்புறம் தெரிந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் பேசுகிறோம். பொங்கல் வாழ்த்து, கிரிக்கெட் ஸ்கோர். அப்பாவைப் பற்றி இரண்டு பேருமே இன்னும் வாயைத் திறக்கவில்லை.

டொராண்டோவிலிருந்து ஒருவர் எழுதியது:

எனக்கும் அப்பாதான். யாழ்ப்பாணத்திலயிருந்து கனடாவுக்கு வந்த பிறகு ரெண்டு பேரும் விவாகரத்து எடுத்தவை. ஃபாரன்ஹீட் 451 இங்க ஹைஸ்கூலில பாடமா வந்தது. என்ன கதை எண்டு அப்பா கேட்டார், புத்தகம் எரிக்கிற கதை எண்டன். சாப்பாட்டை அப்படியே வைச்சிட்டு யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதைச் சொல்லத் தொடங்கிட்டார். 1981 மே மாதக் கடைசி இரவு, கிட்டத்தட்ட 97,000 புத்தகம், ஓலைச்சுவடிகள். நான் எத்தனையோ தரம் கேட்ட கதைதான். ஆனா அண்டைக்குத்தான் அவர் தான் எந்தப் பக்கத்து மேசையில இருந்து படிச்சவர், என்ன புத்தகத்தைப் பாதியில வைச்சிட்டு வந்தவர் எண்டெல்லாம் சொன்னவர். நாவலின்ர கடைசியில காட்டுக்குள்ள இருக்கிற ஆக்கள் ஆளுக்கொரு புத்தகத்தைப் பாடமாக்கி வைச்சிருப்பினம். அப்பா அந்த இனம்.

ஆனா அம்மாவும் அவரும் எத்தனை வருசம் ஒண்டா இருந்தவை எண்டு கேட்டால், மறந்துபோச்சு எண்டுவார். இவ்வளவு ஞாபகசக்தி உள்ள மனுசனுக்கு அது மட்டும் எப்படி மறந்தது எண்டு நான் கேக்கிறேல்ல.

மதுரைக்காரர் எழுதியது:

நான் பிள்ளை இல்லை, அந்த அப்பா. மகன் என்னோடு இருக்கிறான். தங்கச்சிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பேசாமல் இருப்பதையெல்லாம் தணிக்கை என்று சொன்னால் மனிதன் வீட்டில் குடியிருக்க முடியாது. குடும்ப நீதிமன்றத்தில் நாங்கள் அலைந்த காலத்தில் இரண்டு பக்கத்து உறவும் பிள்ளை காதில் ஓதியதைப் பார்த்தவன் நான். அதற்கு வயலும் வாழ்வும் எவ்வளவோ மேல்.

சட்டமே அப்படித்தான் இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் 22ஆம் பிரிவின்படி விவாகரத்து விசாரணை மூடிய அறையில் நடக்கும். கீழ்க்கோர்ட்டில் நடந்ததை யாரும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது. அந்தத் தணிக்கைக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன், இல்லாவிட்டால் எங்கள் தெருவே படித்திருக்கும். குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் வந்த ஆண்டும் 1984தான், சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. 1984 நாவலில் கட்சி விவாகரத்தை அனுமதிப்பதே இல்லை. பிள்ளை இல்லாவிட்டால் பிரிந்து இருங்கள் என்பதோடு சரி. வின்ஸ்டனே மனைவி கேதரினை விட்டுப் பிரிந்து இருப்பவன்தான், சட்டப்படி இன்னும் புருஷன். விவாகரத்து கிடைப்பதும் ஒரு சுதந்திரம் என்று எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

கரூர்க்காரி எழுதியது:

அண்ணா, கோபமெல்லாம் இல்லை. பிள்ளை காதில் ஓதுவது பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன், அப்பத்தாவிடம் பாடம் கேட்டவள் நான். ஆனால் 22ஆம் பிரிவு தெருவுக்குத்தானே, உங்கள் மகனுக்கு இல்லையே. அவன் ஒரு நாள் கேட்பான். தீர்ப்பு நகலைப் பத்திரமாக வையுங்கள்.

எங்கப்பாவிடம் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். அதே சட்டத்தின் 13பி பிரிவு, பரஸ்பர சம்மத விவாகரத்து. ஒரு வருஷத்துக்கு மேல் பிரிந்திருக்கிறார்கள், சேர்ந்து வாழ இயலவில்லை, இருவரும் மனமொத்துக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். யார் மேல் குற்றம் என்று எழுத அந்தப் பிரிவில் தேவையே கிடையாது. அப்பத்தாவின் மூன்று பதிப்புகளில் எதற்கும் அதில் ஒரு வரி ஆதாரம் இல்லை. பின்னால் ஒரு சாமான் பட்டியல் இணைத்திருந்தார்கள், அம்மா கேட்காமல் விட்டுக்கொடுத்தவை. அதில் கிரைண்டர் இருக்கிறது!

அம்மாவிடம் கேட்டால் அவர் நாலாவது பதிப்பு ஒன்று சொல்கிறார். அப்பாவின் மோர்க் கதையையே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார், ஊற்றியது பாயசமாம். அது தனித் தகராறு, இன்னொரு நாள் எழுதுகிறேன்.