தெருநாய்: அடைப்பதா, ஊசி போடுவதா?

குமரிக்காற்று:
2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லியின் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. 22ஆம் தேதியே அதை மாற்றி, வெறி பிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் (ரேபிஸ்) தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்லிவிட்டது. முதல் உத்தரவுதான் சரி என்பேன். போன மாதம் டியூஷன் முடிந்து வரும்போது என் மகளை நாய் கடித்தது. கெண்டைக்காலில் நான்கு பல் தடம். ஒவ்வொரு ஊசிக்கும் என் விரலை நசுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.

மாட்டு_டாக்டர்:
மிச்ச ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டுவிடுங்கள். ஆனால் நாயைத் தெருவிலிருந்து ஒழித்தால் ரேபிஸ் ஒழியும் என்பதை நான் ஏற்கவில்லை. இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2008 வரை ரேபிஸே கிடையாது. வந்ததும் நாய்களை விஷம் வைத்துக் கொன்றார்கள். நோய் தீவு முழுக்கப் பரவியது. ஊசி போட்ட நாயும் சேர்ந்து செத்தால், அந்த இடத்துக்கு வருவது ஊசி போடாத குட்டிதானே? அப்புறம்தான் வலையோடு தெருத்தெருவாக இறங்கினார்கள். ஊசி போட்ட நாய்க்குக் கழுத்தில் சிவப்புப் பட்டை. நூற்றுக்கு எழுபது நாய்க்குப் போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும்.

குமரிக்காற்று:
பாலியில் இன்னும் ரேபிஸ் இருக்கிறதே ஐயா?

மாட்டு_டாக்டர்:
இருக்கிறது. குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும், வருஷா வருஷம் போட வேண்டும். அங்கே இடையில் மறுபடி கொல்லப் போனார்கள். கோவா விடாமல் போட்டது. 2021இல் ரேபிஸ் கட்டுக்குள் வந்த பகுதி என்று அரசே அறிவித்தது.

தாமரைக்குளம்:
நாய்வழி ரேபிஸால் 2030க்குள் ஒரு மனித உயிரும் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனமும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் சேர்ந்து வைத்த இலக்கு. நாய்த் தடுப்பூசி வாங்க முடியாத நாடுகளுக்காக விலங்கு சுகாதார அமைப்பு ஊசி வங்கியே நடத்துகிறது.

குமரிக்காற்று:
இலக்கு வெளிநாட்டில் இருக்கட்டும். எங்கள் தெருவில் எழுபது சதவீதம் ஆனதை யார் பார்த்துச் சொல்வது?

மாட்டு_டாக்டர்:
ஊசி போட்டதும் தலையில் பெயின்ட் தடவிவிடுவார்கள். மறுநாள் நடந்துபோய், தடவியது எத்தனை, தடவாதது எத்தனை என்று எண்ணுவார்கள். கோவாவில் அப்படித்தான்.

குமரிக்காற்று:
இப்போதுதான் எண்ணிவிட்டு வந்தேன். பதினொரு நாய். கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் வெட்டு இருப்பது இரண்டுக்குத்தான். பெயின்ட் ஒன்றுக்கும் இல்லை.